குப்புறக் கிடந்த கிட்டார்

பழைய கிட்டாரைப் பழுது பார்க்கக் கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முட்டாள்கள், மீதிப் பேர் அந்த முட்டாள்களிடம் ஏமாந்து வாங்கியவர்கள் என்பது அக்காவின் தீர்ப்பு. முப்பது வருஷமாக அதில் ஒரு திருத்தமும் இல்லை. காரின் பின்சீட்டில் வெயிலில் போட்டு வேகவைத்தவர்கள், பெயர்ந்து வந்த ஓரத்தைச் செருப்பு ஒட்டுகிற பசையால் ஒட்டியவர்கள், விரிசலுக்குள் ஆணி அடித்தவர்கள் எல்லோரும் கடைசியில் அவள் கடைப் படியேறித்தான் ஆக வேண்டும். கிட்டாரை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு கொண்டு வந்தவரையும் அதே மாதிரி ஒரு தரம் பார்ப்பாள். இந்த இரண்டாவது பார்வைக்குப் பயந்தே சிலர், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிடுவார்கள்.

அக்கா என்பது அவள் பேரில்லை. தம்பி அப்படிக் கூப்பிட்டான், கடைக்கு வந்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பாட்டு வாத்தியார்கூட அக்கா என்றுதான் சொல்வார். அது மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பைண்டிங் வேலை. கிட்டாரின் உடம்பைச் சுற்றி விளிம்பில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும், முன்பக்கம் ஒன்று, முதுகில் ஒன்று. பார்க்கிறவன் அழகுக்கு என்று நினைப்பான். அப்படிச் சொன்ன ஒரு ஆளை அக்கா கடையிலேயே நிற்க வைத்துக் கால்மணி நேரம் வகுப்பு எடுத்திருக்கிறாள். வெட்டிய பலகையின் ஓரத்தை மூடிக் காப்பாற்றுவது அந்தப் பட்டைதான். அது விட்டால் ஈரம் உள்ளே போகும், பலகை பிரியும், பிறகு அந்தக் கிட்டாரில் துணி காயப்போடலாம். வருஷம் ஆக ஆகப் பட்டை சுருங்கி விலகும். அப்போது அதைச் சூடு காட்டி உரித்து, அது உட்கார்ந்திருந்த காடிப் பள்ளத்தை உளியால் சுத்தம் செய்து, புதுப் பட்டையைப் பசை தடவி வளைத்து ஒட்டி, விரலுக்கு விரல் டேப் போட்டு இறுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, தகடால் சுரண்டி மட்டமாக்க வேண்டும். சொன்னால் அவ்வளவுதான். செய்தால் கண் பிதுங்கும்.

இந்த வேலையில் எல்லாப் பாவத்துக்கும் பரிகாரம் உண்டு, ஒன்றுக்கு மட்டும் கிடையாது. பட்டை கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டால் புதுசாக வெட்ட வேண்டும். சூட்டில் அது இளகி இருக்கிற நேரம் பார்த்து, ஒரு நகக்கண் அளவுதானே என்று இழுத்து நீட்டி எட்ட வைக்கக் கூடாது. இழுத்த பட்டை இழுத்ததை மறக்காது. நாலு மாசம் சும்மா இருக்கும், பிறகு பழைய நீளத்துக்கே திரும்பப் பார்க்கும். கிட்டாரின் இடுப்பு உள்வாங்கி வளைந்திருப்பதால், சுருங்குகிற பட்டை அங்கேதான் மரத்தை விட்டுவிட்டு வில்லின் நாண் மாதிரி நேராக நிற்கும். இடுப்பில் பிளவு என்றால் யாரோ இழுத்திருக்கிறான் என்று அர்த்தம். அக்கா அடிக்கடி சொல்வது இது. சொல்லும்போது தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கவுண்டர் பக்கம் ஓட்டுவாள், அங்கே தம்பி கம்பி விற்றுக்கொண்டிருப்பான்.

தம்பிக்கு ஊரெல்லாம் வழங்குகிற பேர் ரப்பர். அந்தப் பேருக்கு ஒரு கதை உண்டு, அதை அக்காவே ஐந்நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் தம்பியும் பெஞ்சில் வேலை செய்துகொண்டிருந்தான். பசை மளமளவென்று இறுகிவிடும் என்பதால் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒட்டுவார்கள். பாட்டு வாத்தியாரின் கிட்டாருக்கு முன்பக்கம், முதுகு இரண்டிலும் பட்டை மாற்றினார்கள். கழுத்து சுவரைப் பார்க்கக் கிட்டாரைக் கிடத்தி, அக்கா இடப்பக்கம், தம்பி வலப்பக்கம். வேலைச் சீட்டில் அவள் கையெழுத்தில் அப்படியே இருந்தது: இடது நான், வலது தம்பி. நாலு மாசம் கழித்து வாத்தியார் கிட்டாரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். முதுகுப் பட்டை இடுப்பில் விலகியிருந்தது, ஒரு தபால்தலையைச் செருகலாம் போல. அக்கா கிட்டாரைக் கவுண்டரில் மல்லாக்க வைத்து, பிளவு எந்தப் பக்கம் என்று கீழே விரல் விட்டுத் தடவினாள். மெல்லிய கம்பிகள் இருக்கிற பக்கம். அதாவது வலது. சீட்டை எடுத்துப் பார்த்தாள், வலது தம்பி. வழக்கு அத்தோடு முடிந்தது.

தம்பி அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"முதுகுக்குப் பட்டை கட்டறப்போ கிட்டார் குப்புறக் கிடந்துச்சு அக்கா. அந்தப் பக்கம் உன் கையிலதான் இருந்துச்சு."

"கிட்டார் குப்புறப் படுத்தா உன் கை என் கையாயிடுமா?" என்றாள் அக்கா.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு வாத்தியார் சிரித்தார். கிட்டார் கம்பி கொண்டுவந்து போடுகிற கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பைப் பார்த்ததும் அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இவன் கை கையே இல்லை, ரப்பர், என்று அதற்கு மேல் ஒன்று போட்டாள். கம்பிக்காரருக்கு இருபது கடை வாடிக்கை. ஒரே வாரத்தில் இருபது கடையிலும் தம்பி ரப்பர் ஆகிவிட்டான். வாத்தியாருக்கு மறுநாள் கச்சேரி என்பதால் பட்டையை உரிக்க நேரமில்லை, அக்கா பட்டைத் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்துப் பிளவை அடைத்துக் கொடுத்தனுப்பினாள். தம்பியின் உளியையும் தகடையும் துடைத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அன்றிலிருந்து அவனுக்குக் கவுண்டர், அவளுக்கு இரண்டு பக்கமும்.

கதையை அவள் எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவன் கிட்டார் குப்புறக் கிடந்தது என்றான். அங்கே ஒரு நிறுத்தம் விடுவாள், சிரிப்பு வரும். கவுண்டரில் தம்பியும் கூடவே சிரிப்பான். பழகிவிட்டது என்று அக்கா நினைத்தாள். அவன் மனைவி மட்டும் ஒரு நாளும் சிரித்ததில்லை. அவளுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்பது அக்காவின் இன்னொரு தீர்ப்பு.

அந்தத் திங்கட்கிழமை, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தம்பி பெஞ்சருகே வந்து நின்றான். வெளியூரில் கிட்டார் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பைண்டிங் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். போய் ஒரு பட்டை ஒட்டிக் காட்டியிருக்கிறான், அங்கேயே எடுத்துக்கொண்டார்களாம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்ட தாளை அனுப்ப வேண்டும், அடுத்த வாரம் குடும்பத்தோடு அங்கே குடிபோக வேண்டும். இவ்வளவையும் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் நிமிர்ந்தான்.

"பெஞ்சுல ஒரு பக்கம் எனக்குக் குடு அக்கா. குடுத்தா இங்கயே இருந்துடறேன்."

அக்கா சிரித்தாள். அங்கே மெஷின் காடி எடுக்கும், மெஷின் பசை போடும், உனக்குப் பட்டனை அமுக்குகிற வேலை, அதையாவது இழுக்காமல் அமுக்கு என்றாள். நாலு மாசத்தில் தொழிற்சாலைக் கிட்டார் எல்லாம் இடுப்பு விட்டுத் திரும்பி வரும், அதையும் நான்தான் ஒட்ட வேண்டும் என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். தம்பி கேட்டுக்கொண்டு நின்றான், பிறகு கவுண்டருக்குப் போனான்.

கடைக்கு மேலே மாடியில் எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். தம்பி மனைவி சமைப்பாள், அக்கா குறை சொல்லிக்கொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவாள். கல்யாணம் என்ற பேச்சை இளவயதிலேயே எடுத்தெறிந்துவிட்டவள். வந்த மாப்பிள்ளைகளையும் விளக்கடியில் வைத்துத்தான் பார்த்திருக்கிறாள். இவர்களும் போய்விட்டால் மாடியில் அவளும் சுவர்க்கடிகாரமும்தான். தனிமைக்கு அவள் பயந்தாள். ஆனால் பயம் வந்தால் அதை ஏளனமாகத் திரித்து வெளியே விடுவதைத் தவிர வேறு வழி அவளுக்குத் தெரியாது. செவ்வாயும் புதனும் தொழிற்சாலையைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி பேசித் தீர்த்தாள்.

வியாழக்கிழமை பாட்டு வாத்தியார் வந்தார், அதே கிட்டாரோடு. எட்டு வருஷத்துக்கு முன்னால் அடைத்த பசை உதிர்ந்து, பழைய பிளவு பல்லைக் காட்டியது. இப்போது தபால்தலை அல்ல, தபால் அட்டையே போகும். கச்சேரி எதுவும் இல்லை, நிதானமாக முதுகுப் பட்டையை உரித்துப் புதுசாகப் போட்டுவிடு அக்கா என்றார். அக்காவுக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. கிட்டாரைத் தூக்கிக் கவுண்டரில் தம்பியின் மூக்குக்கு நேராக வைத்தாள்.

"பாத்துக்கோ. உன் தொழிற்சாலைக்காரங்க கேட்டா இதைக் காட்டு."

தம்பி பார்த்தான். வாத்தியார் வழக்கம்போல் சிரிக்க வாயைத் திறந்தவர், தம்பி மனைவி படியில் நிற்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வேலையை ஆரம்பித்தாள். முதுகு மேலே தெரியக் கிட்டாரைக் குப்புறக் கிடத்தினாள், கழுத்து சுவரைப் பார்க்க. ஹேர் டிரையரால் சூடு காட்டி, மெல்லிய கத்தியை விட்டு, பிளந்திருந்த பட்டையை உரித்தாள். பாதி ஏற்கெனவே விட்டிருந்ததால் வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று வந்தது. என்ன வேலை செய்திருக்கிறான் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பட்டையை வீசிவிட்டு உளியை எடுத்து, காடியில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டினாள். இரண்டு இழுப்பு இழுத்தாள். மூன்றாவது இழுப்புக்குக் கை நகரவில்லை.

காடியின் அடியில் ஒரு நீலக்கோடு இருந்தது. சின்னதாக, நுனியில் வால் வைத்து. நாலு விரல் தள்ளி இன்னொன்று. அதற்கும் நாலு விரல் தள்ளி இன்னொன்று.

ஒட்டுவதற்கு முன்னால் முதல் டேப்புகள் எங்கெங்கே விழ வேண்டும் என்று காடியில் நீலப் பென்சிலால் குறித்துக்கொள்வது அக்காவின் வழக்கம். நாலு விரலுக்கு ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு வால். பட்டைக்கு அடியில் போய்விடும், ஒருத்தர் கண்ணிலும் படாது. தம்பி ஒரு நாளும் குறித்ததில்லை, கண்ணாலேயே அளந்து போடுவான். குறிக்காமல் செய்கிறவன் குருடன் என்று அதற்கும் அவள் திட்டியிருக்கிறாள். எண்ணிப் பார்த்தாள். எட்டுக் கோடு இருந்தது. உளி தின்றது இரண்டு.

முதலில் அவளுக்குத் தோன்றியது, அவன் அன்றைக்குத் தன்னைப் பார்த்துக் குறித்திருப்பான் என்பது. தோன்றியதும் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அந்த வாலை அவளால் மட்டும்தான் அப்படி வைக்க முடியும். பிறகு அவள் தான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். பெஞ்சின் இடப்பக்கம், முப்பது வருஷமாக நிற்கிற அதே இடம். பிளந்த பட்டை இருந்த பக்கம் அவள் கைக்கு நேரே இருந்தது. மல்லாக்கக் கிடந்தால் வலப்பக்கம் போகிற மெல்லிய கம்பிப் பக்கம், குப்புறப் போட்டதும் இடப்பக்கம் வந்திருந்தது. சட்டையைக் குப்புறப் போட்டால் பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். துணி மடிக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். ஆயிரம் கிட்டாரைக் குப்புறப் போட்டவளுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தம்பி சொன்னபோது யோசித்துப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் புரிந்திருக்கும். யோசிப்பதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அதற்கப்புறம் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கிட்டாரின் அடிப்பக்கத்தில் பட்டை ஒரு நகக்கண் குறைந்தது. தம்பி தன் பக்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் புதுப் பட்டை வெட்டப் போவது கௌரவக் குறைச்சலாக இருந்தது. டிரையரை இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டினாள். கட்டை விரலால் அழுத்தி, ஒரு சின்ன இழுப்பு.

இருந்தாலும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தம்பி ஒட்டிய மறுபக்கத்தையும் பார்த்துவிடுவது என்று சுற்றிப் போய் நின்றாள். அங்கே பட்டை எட்டு வருஷத்துக்குப் பிறகும் மரத்தோடு பிறந்தது போல இருந்தது. சூடு காட்டினாள், வரவில்லை. கத்தியை விட்டாள், கத்திக்கு இடம் கொடுக்கவில்லை. மூன்று தரம் சூடேற்றி, ஒரு மணி நேரம் போராடி, விரல் நீளத் துண்டுகளாக உடைத்து உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. சில துண்டுகளில் மரத்தின் சிராய் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் ஒரு கோடும் இல்லை, வெறும் மரம். துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் என்ன செய்திருக்கிறோம் என்று உறைத்தது. தம்பி கைவைத்த வேலையில் அந்தக் கடைக்குத் திரும்பி வந்தது இந்தக் கிட்டார் ஒன்றுதான். அதன் முதுகில் இருந்த அவனுடைய நல்ல வேலையையும் இப்போது பிய்த்துப் போட்டாயிற்று, அவன் குற்றவாளி இல்லை என்று நிச்சயம் செய்துகொள்வதற்காக.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இங்கே மறைக்க வேண்டியது வெறும் எட்டுப் பென்சில் கோடு. உளியால் எட்டு இழுப்பு. அதுவும் திருட்டு வேலை இல்லை, காடியைச் சுத்தம் செய்யாமல் புதுப் பட்டை ஒட்ட முடியாது, செய்தே ஆக வேண்டிய வேலை. உளியைக் கோட்டின் மேல் வைத்தாள். கவுண்டர் பக்கமிருந்து ஒரு வாடிக்கைக்காரரின் குரல் கேட்டது, ரப்பரண்ணே, மூணாவது கம்பி ஒண்ணு குடுங்க என்று. இந்தா எடுக்கறேன் என்றான் தம்பி. எத்தனை சுலபமாகப் பதில் சொல்கிறான். அக்காவுக்கு முகம் தீயாக எரிந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டாரின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

அன்றைக்கு மாடியில் சாப்பிட உட்கார்ந்தவள் உப்பு கூட என்றோ குறைவு என்றோ சொல்லவில்லை. தம்பி மனைவி இரண்டு தரம் அவளை உற்றுப் பார்த்தாள், காய்ச்சலா அண்ணி என்று கேட்டாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் பாட்டு வாத்தியார் வந்துவிட்டார். தன் கிட்டார் உரிந்து கிடப்பதைப் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது, பார்த்தாலும் தாங்காது. கவுண்டரில் தம்பி மனைவி தொழிற்சாலைத் தாளை விரித்து வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இங்க வா," என்றாள் அக்கா பெஞ்சிலிருந்து.

அவன் பேனாவோடு வந்தான். அவள் துணியை எடுத்தாள். நீலக்கோட்டின் மேல் விரலை வைத்தாள். தம்பி குனிந்து பார்த்தான். எட்டுக் கோட்டையும் வரிசையாகப் பார்த்தான். பெஞ்சின் மறுபக்கம் குவிந்திருந்த உடைந்த துண்டுகளைப் பார்த்தபோது மட்டும் அவன் முகம் சுருங்கியது. ஒன்றை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சிராயை விரலால் நெருடினான்.

"இது நல்லாத்தானே இருந்துச்சு," என்றான்.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியும் அக்கா. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏண்டா அடிச்சுச் சொல்லல?"

"சொன்னேனே. நீதான் சிரிச்ச."

தப்பு என்னோடதுதான், எட்டு வருஷமும் தப்பு என்று ஒருவழியாக முணுமுணுத்தாள் அக்கா. அந்தக் குரலை அவளே அதற்கு முன் கேட்டதில்லை. தம்பி துண்டைப் பெஞ்சில் வைத்தான்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லு."

சொல்லிவிட்டுக் கவுண்டருக்கே திரும்பிப் போனான். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தம்பி மனைவி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். பாட்டு வாத்தியார் நடப்பது ஒன்றும் புரியாமல், புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

அப்போது கவுண்டர் போன் அடித்தது. சனிக்கிழமை பத்தரைக்குக் கம்பிக்காரர் கூப்பிடுவார், அடுத்த வாரத்துக்கு என்னென்ன கம்பி வேண்டும் என்று தம்பியிடம் கேட்டு எழுதிக்கொள்வார். தம்பி கையை நீட்டுவதற்குள் அக்கா வந்து எடுத்தாள். அவர் குரல் பெரிய குரல், கடை முழுக்கக் கேட்கும்.

"என்ன, ரப்பர் இருக்காரா?"

பேனா தாளின் மேல் நின்றது. அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. வாத்தியாரைப் பார்த்தாள், அவர் அன்றைக்குச் சிரித்தவர்.

"ரப்பர் நான்தான். சொல்லுங்க."

யாரு, அக்காவா, என்ன தமாஷ் இது என்றார் அவர். தமாஷ் இல்லை என்றாள் அக்கா. கேளுங்கள் என்று ஆரம்பித்தாள். கிட்டார் மல்லாக்கக் கிடந்ததிலிருந்து, குப்புறப் போட்டதிலிருந்து, வேலைச் சீட்டு, நகக்கண் அளவு குறைந்த பட்டை, ஒரு சின்ன இழுப்பு, நீலக்கோடு வரை வரிசையாகச் சொன்னாள். ஐந்நூறு தடவை சொல்லிப் பழகிய கதைதான், ஆனால் இந்தத் தடவை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, சிரிப்பு வருகிற இடம் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் அவர் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு போனிலிருந்து வழிந்து கடையெல்லாம் நிரம்பியது. அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுசாகக் கேட்டாள். இருபது கடையிலயும் சொல்லிடுங்க என்றாள், நீங்க சொல்லாம இருக்கமாட்டீங்க, இருந்தாலும் நானும் சொல்லி வைக்கிறேன்.

போனை வைத்தாள். திரும்பினாள். கவுண்டரில் தம்பி இல்லை. பேனா மூடி போட்டுக் கிடந்தது. பெஞ்சு பக்கமிருந்து டேப்பைச் சர்ரென்று கிழிக்கிற சத்தம் வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே நீளத்தில் கிழித்துப் பெஞ்சின் ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டிருந்தான், அளக்காமல், கண்ணாலேயே. குறித்துக்கொள்ளாமல் செய்கிறாயே என்று அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டாள். இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து, இழுப்பறையைத் திறந்து, எட்டு வருஷத்துத் துரு ஏறிய உளியையும் தகடையும் அவன் பக்கத்தில் வைத்தாள்.

"தீட்டித் தரட்டுமா?" என்றாள்.

"நானே தீட்டிக்கறேன்."

கவுண்டரில் தம்பி மனைவி தொழிற்சாலைத் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பார்ப்பதைப் பார்த்துவிட்டு, மடிப்பை நகத்தால் நன்றாக அழுத்தி, கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கிழிக்கல அண்ணி," என்றாள். "கெடு போனா மறுபடியும் கேட்டுக்கலாம். இந்தப் பட்டை நாலு மாசம் நிக்குதான்னு பாத்துட்டுக் கிழிக்கறேன். அவர் பக்கத்தைச் சொல்லல, உங்க பக்கத்தைச் சொல்றேன்."

பாட்டு வாத்தியார் சிரித்துவிட்டார். அக்கா அவரைத் தன் இரண்டாவது பார்வை பார்ப்பதற்காகத் திரும்பினாள். பாதியிலேயே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பெஞ்சின் இடப்பக்கம் போய் நின்றாள்.